உள்ளங்கையில் கதை சொன்ன ஆசிரியை: ஆன் சலிவன் (1866 – 1936)

ஹெலன் கெல்லரைப் பற்றி ஒரு பக்கமேனும் படிக்காமல் பாடசாலையை விட்டு வந்தவர்கள் எங்களுள் குறைவு. பார்வையும் கேள்வியும் இழந்த ஒரு பெண் பட்டம் பெற்றார், நூல்கள் எழுதினார், உலகம் சுற்றினார் என்பதை அறிவோம். அவருக்கு ஓர் ஆசிரியை இருந்தார் என்பதும் தெரியும். அந்த ஆசிரியை என்ன செய்தார் என்று கேட்டால், தண்ணீர்ப் பம்பியடியில் ஒரு சொல்லைப் புரியவைத்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். பம்பியடிச் சம்பவம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. அதன் பின்னர் பல ஆண்டுகள் அவர் செய்த வேலைதான் பெரியது. ஆங்கிலம் என்ற ஒரு மொழி முழுவதையும், கதையாகவும் பேச்சாகவும், ஒரு சின்னப் பிள்ளையின் உள்ளங்கையில் அவர் ஊற்றினார்.

எங்கள் பாடசாலைத் தாயின் மாணவியர் சங்கம் நூறாண்டு காணும் வேளையில் ஓர் ஆசிரியையின் வாழ்க்கையை நினைத்துப் பார்ப்பது பொருத்தமானது. அதுவும், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வரவில்லையே என்று வீட்டுக்கு வீடு கவலைப்படும் இந்தக் காலத்தில், ஆன் சலிவனின் வாழ்க்கை எங்களுக்குச் சொல்வதற்கு நிறையவே வைத்திருக்கிறது.

ஏழைகள் இல்லத்துப் பிள்ளை

ஆன் சலிவன் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தந்தைக்கு எழுத வாசிக்கத் தெரியாது. கூலி வேலை, கையில் காசு வந்தால் குடி. ஆனாலும் அந்த மனிதரிடம் ஒரு செல்வம் இருந்தது. அவர் கதை சொல்வார். விட்டுவந்த நாட்டின் தேவதைக் கதைகளையும் பழங்கதைகளையும் மகளுக்குச் சொல்வார். அயர்லாந்தின் ஷனன் ஆற்று நீரில் ஒரு துளி பட்டால் மகளின் கண் சுகமாகிவிடும் என்பதும் அவர் சொன்ன கதைகளில் ஒன்று.

கண்ணுக்கு வந்த நோய் உண்மையானது. ஐந்து வயதளவில் ஆனுக்கு ட்ரகோமா என்ற தொற்று ஏற்பட்டது. இது கண்ணிமையின் உட்புறத்தைப் புண்ணாக்கி வடுப்படுத்தும். காலப்போக்கில் இமை உள்நோக்கி மடிந்து, இமைமயிர்கள் ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் கருவிழியைக் கீறும். இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் ஆரம்பத்திலேயே குணப்படுத்தக்கூடிய நோய். அன்று ஏழைப் பிள்ளைக்கு அதற்கு மருந்தில்லை. பார்வை மங்கிக்கொண்டே போனது.

எட்டு வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோயிற்று. தந்தையால் குடும்பத்தைப் பார்க்க இயலவில்லை. 1876 பெப்ரவரியில், பத்து வயதும் நிறையாத ஆனும் அவரது தம்பி ஜிம்மியும் டியூக்ஸ்பரி என்ற இடத்திலிருந்த அரசாங்க ஏழைகள் இல்லத்தில் விடப்பட்டனர். நோயாளரும் முதியவரும் மனநலம் குன்றியவரும் ஒன்றாக அடைக்கப்பட்ட இடம் அது. இடுப்பெலும்பில் காசநோய் கண்டிருந்த தம்பி சில மாதங்களுக்குள் இறந்துபோனான். அந்த இழப்பை ஆன் தம் ஆயுள் முழுவதும் சுமந்தார்.

அவர் அங்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். வாசிக்கத் தெரியாது, தெரிந்திருந்தாலும் கண் தெரியாது. எழுத்தறிந்த பெண்களை நயந்து, அங்கிருந்த சில புத்தகங்களை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். தந்தையின் வாயால் கேட்ட கதைகளுக்குப் பிறகு, மொழி அவருக்கு மீண்டும் காது வழியாகவே வந்தது. பார்வையற்றோருக்கென்று பாடசாலைகள் இருக்கின்றன என்ற செய்தியையும் அங்கே யாரோ சொல்லக் கேட்டுத்தான் அறிந்தார். 1880இல் அந்த இல்லத்தை விசாரிக்க மாநில அதிகாரிகள் வந்தபோது, ஆட்களின் முகம்கூடச் சரியாகத் தெரியாத அந்தச் சிறுமி அவர்கள் நடுவே போய் நின்று, தான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அழுது கேட்டார். கேட்டது கிடைத்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி பொஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பார்வையற்றோர் பாடசாலையில் சேர்ந்தார். வயது பதினான்கு. தம் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

பெர்க்கின்ஸில் பெற்றவை

தன்னிலும் சிறிய பிள்ளைகளோடு ஆரம்ப வகுப்பில் அமர்வது அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. முன்கோபமும் வாய்த்துடுக்கும் உள்ள மாணவி என்ற பெயர் எடுத்தார். எனினும் விரைவாகக் கற்றார். பொஸ்டனில் நடந்த கண் சத்திரசிகிச்சைகளால் ஓரளவு பார்வையும் திரும்பியது. வாசிக்கும் அளவுக்குப் பார்க்க முடிந்தது. ஆனால் கண்கள் என்றுமே முழுச் சுகம் அடையவில்லை.

அந்தப் பாடசாலையில் லோரா பிரிட்ஜ்மன் என்ற மூத்த பெண்மணி வாழ்ந்துவந்தார். பார்வையும் கேள்வியும் இல்லாத அவருக்கு, அப்பாடசாலையின் முதல் இயக்குநர் சாமுவேல் ஹவ் 1837 முதல் கல்வி புகட்டியிருந்தார். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் விரல்களால் ஒரு வடிவம் அமைத்து, அதை மற்றவரின் உள்ளங்கையில் வைத்துச் சொல்வது அங்கு வழங்கிய முறை. லோராவோடு பேசுவதற்காக ஆன் இந்த விரலெழுத்தைக் கற்றுக்கொண்டார். 1886இல் தம் வகுப்பின் முதல் மாணவியாகத் தேறி, பட்டமளிப்பு உரையும் ஆற்றினார். கையில் சான்றிதழ் இருந்தது. போவதற்கு வீடு இருக்கவில்லை.

அவ்வேளையில்தான் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தின் டஸ்கம்பியா என்ற ஊரிலிருந்து ஒரு தந்தையின் கடிதம் வந்தது. அவரது மகள் ஹெலன் 1880 ஜூன் 27இல் பிறந்தவள். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த கடும் காய்ச்சலொன்று அவளது பார்வையையும் கேள்வியையும் பறித்துவிட்டது. அது மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்பது இன்றைய வைத்தியர் பலரின் கருத்து. அவளுக்கு ஓர் ஆசிரியை தேவை என்று தந்தை கேட்டிருந்தார். பாடசாலையின் அப்போதைய இயக்குநர் மைக்கேல் அனக்னோஸ் ஆனைத் தெரிந்தெடுத்தார். ஹவ் எழுதிவைத்த அறிக்கைகளைச் சில மாதங்கள் ஊன்றிப் படித்துவிட்டு ஆன் புறப்பட்டார். 1887 மார்ச் 3ஆம் திகதி டஸ்கம்பியாவில் இறங்கியபோது அவருக்கு இருபது வயது; மாணவிக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை.

பம்பியடிக்குப் பிறகு

முதல் வாரங்கள் போராட்டமாகவே இருந்தன. வீட்டார் இரக்கத்தினால் எதையும் மறுக்காமல் வளர்த்த பிள்ளை. அடித்தாள், உதைத்தாள், ஆனின் முன்பல் ஒன்றையும் உடைத்தாள். பெர்க்கின்ஸ் பிள்ளைகள் கொடுத்தனுப்பிய பொம்மையைக் கையில் கொடுத்து, அதற்குரிய ஆங்கிலச் சொல்லை டி, ஓ, எல், எல் என்று ஆன் விரல்களால் எழுதினார். பிள்ளை அந்த அசைவைத் திருப்பிச் செய்தாள். அது ஒரு பெயர் என்பது அவளுக்குத் தெரியாது. ஏப்ரல் 5ஆம் திகதி, பம்பியிலிருந்து குளிர்ந்த நீர் ஒரு கையில் விழ, மறு கையில் தண்ணீருக்கான சொல்லை ஆன் எழுத, பிள்ளைக்கு விளங்கியது: ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் உண்டு.

நூல்களும் திரைப்படங்களும் இந்த இடத்தில் உச்சத்தை அடைகின்றன. ஆனுக்கோ இங்கேதான் கேள்வி பிறந்தது. இனி என்ன செய்வது? பெயர்களை நாளுக்குப் பத்தாக அடுக்கிக்கொண்டே போவதா? நேரசூசி போட்டு, சொல் சொல்லாகப் பாடம் நடத்துவதா? ஹவ் லோராவுக்குச் செய்தது ஏறத்தாழ அப்படித்தான்.

அந்த நாட்களில் ஹெலனின் உறவுக் குழந்தை ஒன்றை ஆன் கவனித்துக்கொண்டிருந்தார். வயது பதினைந்து மாதமளவு. மூக்கு எங்கே, வாய் எங்கே என்று கேட்டால் தொட்டுக் காட்டும். பூவைக் கொடுத்து அம்மாவிடம் கொடு என்றால் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆனால் அந்தச் சொற்களில் ஒன்றையேனும் அது வாய்விட்டுச் சொல்லாது. யாரும் அதற்குப் பாடம் நடத்தவில்லை. வீட்டார் பேசினார்கள், அது கேட்டது, கேட்டதில் பெரும்பகுதி விளங்கியது. பேச்சு பின்னால் வரும்.

ஆன் பிடித்துக்கொண்டது இந்த ஒரு நுனியைத்தான். குழந்தையின் காதுக்குள் நாம் எப்படிப் பேசுகிறோமோ அப்படியே ஹெலனின் கைக்குள் பேசுவது என்று முடிவு செய்தார். தனிச் சொற்களாகப் பேசாமல் முழு வசனங்களாகப் பேசுவார். விளங்காத இடத்தைச் சைகையாலும் தொட்டுக் காட்டியும் நிரப்புவார். திருப்பிச் சொல் என்று வற்புறுத்தமாட்டார். ஒழுங்கான பாடவேளைகளை அவர் கைவிட்டார். ஏப்ரல் மாதத்திலேயே, பெர்க்கின்ஸ் இல்லத்தில் தமக்குத் தாய்போல இருந்த சோஃபியா ஹொப்கின்ஸ் அம்மையாருக்கு இதையெல்லாம் விரிவாக எழுதினார். பிற்காலத்தில் அச்சேறிய அக்கடிதங்களை இன்று வாசித்தாலும், அனுபவமேயில்லாத இருபத்தொரு வயதுப் பெண் எழுதியவை என்று நம்புவது கடினம்.

வைத்தியர் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். குழந்தை பிறக்குமுன்னரே கேட்கத் தொடங்குகிறது. தாயின் குரலைப் பிறந்தவுடனேயே வேறுபடுத்தி அறிகிறது. ஒரு வயதுக் குழந்தைக்கு விளங்கும் சொற்கள், அது பேசும் சொற்களைவிடப் பல மடங்கு அதிகம். பேசத் தாமதிக்கும் பிள்ளையைப் பெற்றோர் கூட்டிவந்தால், எத்தனை சொல் பேசுகிறது என்று கேட்பதோடு, சொன்னது விளங்குகிறதா, காது கேட்கிறதா என்று நாங்கள் முதலில் பார்ப்பதும் இதனால்தான். ஆன் சலிவன் இதை எந்த மருத்துவ நூலிலும் படிக்கவில்லை. ஒரு குழந்தையைப் பார்த்து அறிந்தார்.

கதைகளின் காலம்

அந்தக் கோடை முழுவதும் ஆசிரியையும் மாணவியும் பெரும்பாலும் வெளியிலேயே இருந்தார்கள். மரநிழலில் இருந்து வாசித்தார்கள். டெனசி ஆற்றங்கரைக்கு நடந்துபோய்க் கூழாங்கற்களால் அணை கட்டித் தீவுகளையும் ஏரிகளையும் செய்து விளையாடினார்கள். ஹெலனுக்குப் பூமிசாத்திரம் அப்படித்தான் வந்தது. கண்டதையும் தொட்டதையும் பற்றி ஆன் ஓயாமல் அவள் கைக்குள் பேசினார். பேச்சு கதையாகும், கதை மீண்டும் பேச்சாகும்.

புடைப்பு எழுத்துப் புத்தகங்களை, அவள் வாசிக்கப் பழகுமுன்னரே கையில் கொடுத்துவிட்டார். பிள்ளை மணிக்கணக்காகப் பக்கங்களைத் தடவிக்கொண்டிருப்பாள். தெரிந்த சொல் ஒன்று விரலில் பட்டுவிட்டால் குதூகலத்தில் கூவுவாள். தெரியாத சொற்கள் நூறு இருந்தன என்பதைப் பற்றி அவளுக்கும் கவலையில்லை, ஆசிரியைக்கும் கவலையில்லை. பம்பியடி நாளிலிருந்து மூன்று மாதம் ஆவதற்குள், 1887 ஜூனில், ஹெலன் பென்சிலால் தன் முதற் கடிதத்தை எழுதினாள். இலக்கணம் தடுமாறிய கடிதம்தான். ஆனால் எழுத்தில் ஒரு பிள்ளையின் குரல் இருந்தது.

அடுத்த ஆண்டு கோடையில் இருவரும் பொஸ்டன் பக்கம் வந்து, ஹொப்கின்ஸ் அம்மையாரின் ஊரான பிரூஸ்டரில் கடற்கரையோரமாகத் தங்கினார்கள். அங்கே ஓகஸ்ட் மாதத்துப் பிற்பகலொன்றில், பைன் மரங்களுக்கிடையே கட்டிய ஊஞ்சலில் அமர்ந்து, லிட்டில் லோர்ட் ஃபோன்ட்லெரோய் என்ற சிறுவர் நாவலை ஆன் அவளுடைய கையில் வாசிக்கத் தொடங்கினார். தொடக்கத்தில் விளக்கவேண்டியவை நிறைய இருந்தன. கதை பிடித்துக்கொண்டதும் நிலைமை மாறிற்று. ஆசிரியை சொல்லுக்குப் பொருள் சொல்ல நிறுத்தினால் பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. மேலே என்ன நடந்தது என்பதே வேண்டியிருந்தது. கடைசியில் ஆனின் விரல்கள் ஓர் எழுத்தும் எழுதமுடியாதபடி களைத்துப்போயின. ஹெலன் புத்தகத்தைப் பறித்துத் தன் விரல்களால் அந்த அச்செழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. தனக்கு இல்லாதது எது என்பதைத் தான் முதன்முதலாக அன்றுதான் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். அந்த நாவலைப் புடைப்பு எழுத்தில் அச்சிட அனக்னோஸ் ஏற்பாடு செய்தார். ஹெலன் அதை மனப்பாடமாகும்வரை மீண்டும் மீண்டும் வாசித்தாள்.

இந்த ஒரு பிற்பகலில் ஆனின் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. கதை மேல் ஆசை வந்துவிட்டால், தெரியாத சொல் தடையாவதில்லை. அடுத்த வசனம் அதற்கு விளக்கமாகிவிடும். அடுத்த வசனமும் போதாவிட்டால், இரண்டாம் முறை கேட்கும்போது விளங்கும். மொழியைக் கற்பிப்பதற்காகவென்று போலியான உரையாடல்களை உண்டாக்குவதை ஆன் வெறுத்தார். சொல்வதற்கு ஒன்று இருக்கவேண்டும், கேட்பதற்கு ஆவல் இருக்கவேண்டும். மொழி அவற்றின் பின்னால் தானாக நடந்துவரும் என்பது அவர் கொள்கை. பிள்ளைகளின் மனதில் சொல்வதற்கு எதுவும் சேருமுன்னரே அவர்களை எழுதச் சொல்கிறோம் என்றும் குறைப்பட்டார்.

உறைபனி அரசன்

இந்த முறைக்கு ஒரு விலையும் கொடுக்கவேண்டி வந்தது. 1891ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், பதினொரு வயது ஹெலன் உறைபனி அரசன் என்றொரு கதை எழுதினாள். இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்று சொல்லும் அழகிய கற்பனை. வீட்டில் வாசித்துக் காட்டியபோது, இதை எங்கேனும் படித்தாயா என்று ஒருவர் கேட்டார். இல்லை, தன் கதைதான் என்றாள். அதை அனக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் மகிழ்ந்து பாடசாலையின் வெளியீட்டில் அச்சிட்டார்.

சில வாரங்களில் உண்மை வெளிவந்தது. மார்கரெட் கான்பி என்ற எழுத்தாளர் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய உறைபனித் தேவதைகள் பற்றிய கதையை அது பெரிதும் ஒத்திருந்தது, வசனங்கள்கூட ஒத்திருந்தன. ஹெலனுக்கு அந்தக் கதையைக் கேட்ட ஞாபகமேயில்லை. ஆனுக்கோ அந்தப் புத்தகமே தெரியாது. விசாரித்துப் பார்த்ததில், 1888இல் பிரூஸ்டரில் இருந்தபோது, ஆன் உடனில்லாத நாட்களில் ஹொப்கின்ஸ் அம்மையார் அந்தப் புத்தகத்தை ஹெலனின் கையில் வாசித்திருக்கிறார் என்று தெரிந்தது.

பெர்க்கின்ஸில் எட்டுப் பேர் கொண்ட விசாரணைக்குழு கூடியது. ஆசிரியையை வெளியே போகச் சொல்லிவிட்டு, பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியே இருத்திக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். குழு இரண்டாகப் பிரிந்தது. அனக்னோஸ் பிள்ளையின் பக்கம் வாக்களித்ததால் அவள் விடுவிக்கப்பட்டாள். எனினும் பின்னர் அவர் மனம் மாறினார். பெர்க்கின்ஸுடனான அந்தப் பழைய உறவு முறிந்தது. எழுதும் ஒவ்வொரு வசனமும் தன்னுடையதுதானா என்ற பயம் ஹெலனை நெடுங்காலம் பிடித்திருந்தது. எவருடைய கதையோ அந்த மார்கரெட் கான்பி மட்டும் கோபிக்கவில்லை. அன்பாக ஆறுதல் எழுதினார்.

கொடுமையான இந்தச் சம்பவம் ஒன்றை நிரூபித்தது. எட்டு வயதில், மொழி தொடங்கி ஒன்றரை ஆண்டுகூட நிறையாத நேரத்தில், முழுவதும் விளங்கியிருக்கவே முடியாத ஒரு கதையை அந்தப் பிள்ளை கேட்டாள். எவரும் அதைப் பற்றி அவளிடம் வினாக் கேட்கவில்லை, பரீட்சை வைக்கவில்லை. கேட்டதையே மறந்தாள். ஆனால் மொழி மறக்கவில்லை. மூன்று ஆண்டுகள் உள்ளே கிடந்து, வசன அமைப்பும் சொல்லழகும் கெடாமல், அவளுடைய சொந்த எண்ணம்போல வெளிவந்தது. ஆன் இதைக் கண்டு தம் முறையை மாற்றவில்லை. பயந்துபோன பிள்ளையை மெல்ல மெல்ல எழுதத் தூண்டினார். ஹெலன் தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை 1894இல் ஓர் இளைஞர் சஞ்சிகையில் வெளிவந்தது. கேட்டதிலிருந்து எடுத்துப் பேசுவதும், பேசிப் பேசித் தனக்கென்று ஒரு குரல் பெறுவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான பாதை என்பதை ஆசிரியை அறிந்திருந்தார்.

கடைசி ஆண்டுகள்

1900இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தபோது, ஆன் பக்கத்திலிருந்து விரிவுரைகளைச் சொல்லுக்குச் சொல் அவர் கையில் எழுதினார். புடைப்பெழுத்தில் கிடைக்காத பாடநூல்களை வாசித்துச் சொன்னார். நலிந்த கண்களுக்கு அது பெரும் வேதனை. 1904இல் ஹெலன் சிறப்புத் தேர்ச்சியுடன் பட்டம் பெற்றார். அதே நான்கு ஆண்டுகள் அதே வகுப்பில் இருந்து அதே நூல்களைப் படித்த ஆசிரியைக்குப் பட்டம் எதுவும் இருக்கவில்லை. இதற்கிடையே 1903இல் ஹெலனின் தன்வரலாறு நூலாக வெளிவந்தது; ஆனின் கடிதங்களும் அதில் இடம்பெற்றன. அதைத் தொகுக்க உதவிய ஜோன் மேசியை ஆன் 1905இல் மணந்தார். அந்த மணவாழ்வு நீடிக்கவில்லை.

பிற்காலத்தில் பணத்தேவைக்காக இருவரும் மேடைகளிலும் தோன்றினார்கள். ஆனின் பார்வை சிறிது சிறிதாகத் தேய்ந்து, இறுதியில் முற்றாக அணைந்தது. 1936 ஒக்டோபர் 20ஆம் திகதி, எழுபதாவது வயதில், நியூயோர்க்கில் காலமானார். அவரது அஸ்தி வாஷிங்டன் தேசிய தேவாலயத்தில் வைக்கப்பட்டது. 1968இல் ஹெலன் மறைந்தபோது அவரது அஸ்தியும் அதனருகே சேர்ந்தது. ஹெலன் தம் ஆசிரியையைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை; என்றும் ரீச்சர்தான். 1955இல் அவரைப் பற்றி எழுதிய நூலுக்கும் அதையே தலைப்பாக வைத்தார்.

எங்கள் பிள்ளைகளுக்கு

தமிழ்மொழி மூலம் படித்து மருத்துவபீடத்துக்கு வந்த எங்களில் பலருக்கு ஆங்கிலப் பாடநூலை வாசிப்பது பெரிய இடையூறாக இருக்கவில்லை. விரிவுரை மண்டபத்தில்தான் திகைத்தோம். தாளில் கண்டால் தெரியும் அதே சொல், பேச்சில் ஓடும்போது காதில் பிடிபடாது. எழுத்துக்கூட்டலும் இலக்கணமும் வினாவிடையும் நிறையப் படித்திருந்தோம். ஆங்கிலத்தைக் காதால் கேட்ட நேரம் மிகக் குறைவு. இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. பிள்ளை முதல் வகுப்புகளிலேயே கொப்பியில் சொல் எழுதுகிறது. ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓர் ஆங்கிலக் கதை கேட்டதில்லை.

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலும் ஓர் ஆசிரியையின் குரல் போதும். ஆன் சலிவன் செய்தவற்றையே செய்யலாம். காகமும் வடையும் போல, பிள்ளைக்குத் தமிழில் முன்பே தெரிந்த கதையை முதலில் எடுக்கலாம். நரி என்ன கேட்கப்போகிறது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆகையால் அதை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கிறது என்று காது தானாகத் தேடும். தனிச் சொற்களை உதிர்க்காமல் முழு வசனங்களாகச் சொல்லவேண்டும். காகம் பறந்தால் கையும் பறக்கட்டும். நரி கெஞ்சினால் குரலும் கெஞ்சட்டும். இடையில் நிறுத்தி ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் பொருள் கூறினால் கதை அறுந்துவிடும். முடிந்தவுடன் ஐந்து வினா கேட்டால் அடுத்த முறை பிள்ளை கதையைக் கேட்காது, வினாவுக்குப் பயந்துகொண்டிருக்கும். அதே கதையை மறுநாளும் அதற்கடுத்த நாளும் சொல்லவேண்டும். பிள்ளைகள் அலுப்பதில்லை, அலுப்பது நாங்கள்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கதையில் திரும்பத் திரும்ப வரும் வசனத்தைப் பிள்ளை தானாகவே எங்களுக்கு முந்திச் சொல்லும். அதுவரை உம் கொட்டிக் கேட்டாலே போதும். கேள்வியறிவைத் தனியோர் அதிகாரமாக வைத்துப் போற்றிய திருக்குறள் எங்களுடையது. அம்மம்மாவின் மடியில் உம் கொட்டிக் கதை கேட்டவர்கள் நாங்கள். ஆங்கிலம் என்று வந்தவுடன் மட்டும் கேட்பதை விட்டுவிட்டு எழுதுவதில் தொடங்குவது ஏன்?

வெளிநாடுகளில் வாழும் எமது பழைய மாணவியருக்கு இதே பாடம் மறுபுறமாகப் பொருந்தும். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் நாலாபக்கமும் கேட்கிறது. கேட்காமற்போவது தமிழ். அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் பரவாயில்லை, நீங்கள் தமிழில் கதையைத் தொடருங்கள். உள்ளே போவது வீண்போவதில்லை; ஹெலனின் கைக்குள் போன கதை மூன்று ஆண்டுகள் கழித்து வெளிவந்தது.

எழுதத் தெரியாத ஒரு கூலித்தொழிலாளி தன் மகளுக்குக் கதை சொன்னார். பார்வை மங்கிய அந்த மகள், கேளாத ஒரு பிள்ளைக்கு விரலால் கதை சொன்னார். எங்களுக்குக் கண் தெரிகிறது, எங்கள் பிள்ளைகளுக்குக் காது கேட்கிறது. இரவு படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிடம் ஒதுக்குவது எங்களில் எவருக்கும் முடியாத காரியமல்ல.